உறைகுளிரில் ரயர் மாற்றல்

துவிச்சக்கரவண்டியின் சில்லிற் காற்றுப் போதல் நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. நெருஞ்சிமுள்ளும் உடைமுள்ளும் மலிந்த ஒழுங்கைகளில் வளர்ந்த நம் மாணவருள், ஒருமுறையேனும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கல்லூரி வாயிலை அடையாதார் மிகச் சிலரே. எரிபொருள் அரிதாயிருந்த 1990ஆம் ஆண்டுகளிலே குடாநாட்டின் வாழ்வு இவ்விரு சில்லுகளின் மேலேயே உருண்டதென்பதைப் பழைய மாணவர் நன்கறிவர். சந்திக்கொரு சைக்கிள் கடை. கடை முன்னே ஒரு சட்டி தண்ணீர். ரியூப்பை அதில் அமிழ்த்தினாற் குமிழி எழும். எழுந்த இடத்தைத் துடைத்து, அரத்தாளால் உரைத்து, சொலூசன் எனப்படும் பசையைப் பூசிக் காயவிட்டு, ஒட்டைப் பொருத்தித் தட்டினால் வேலை முடிந்தது.

இதே வேலையைப் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிரிலே, தெருவோரத்திலே, இருளிலே செய்ய நேரின் என்னாகும்? சட்டித் தண்ணீர் கட்டியாகும். பசை எளிதிற் காயாது. ஒட்டுப் பிடியாது. நெம்புகோல் முறியும். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, வேலை செய்யும் விரலே உணர்விழக்கும்.

இவ்வினா நமக்குத் தொடர்பற்றதன்று. நம் பழைய மாணவர் பலர் இன்று ரொறன்ரோ, ஒஸ்லோ, கொப்பன்கேகன் முதலிய நகரங்களில் வாழ்கின்றனர். அந்நாடுகளிற் பனிக்காலத்திலும் வண்டியோட்டுவார் உளர். பின்லாந்து நாட்டின் ஊலு நகரத்திலே, பனி மூடிய பாதைகளிற் சிறுவரும் துவிச்சக்கரவண்டியிற் பள்ளிக்கூடஞ் செல்வர். பனிக்காலத்தில் வண்டியோட்டல் பற்றி ஆராயும் உலக மாநாடு முதன்முதல் 2013ஆம் ஆண்டிலே கூடியதும் அந்நகரத்திலேயாம். அங்கே மார்கழி மாதத்துக் குறும்பகல் நான்கு மணித்தியாலத்துக்குங் குறைவு. ஆதலின் காலையிற் செல்வாரும் மாலையில் மீள்வாரும் இருளிலேயே ஓட்டுவர்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வேந்தன் வினைமேற் செல்லுதற்கு வகுத்த அம்முறை, சில்லின்மேற் கைவைப்பானுக்கும் பொருந்துவதே. பொருள்களின் வலியும் தன் கையின் வலியும் அறியாதவனும், நிற்குமிடம் தேராதவனும், செய்யும் முறையாற் காலத்தைச் சுருக்க அறியாதவனும் உறைகுளிரிலே இடர்ப்படுவர். ஆதலின் அம்மூன்று தலைப்புக்களையே, முறை சிறிது மாற்றி, இப்பாடத்துக்கும் கொள்வாம். இங்கே கூறும் பாகைகளெல்லாம் செல்சியசு அளவின.

பனி என்னும் சொல்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, மார்கழி தை மாதங்களை முன்பனி என்றும் மாசி பங்குனி மாதங்களைப் பின்பனி என்றும் பெயரிட்டனர். அவர் கருதிய பனி, இரவில் இறங்கிப் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் அதனோடு வருங் குளிருமாம். யாழ்ப்பாணத்தில் தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பநிலை 20 பாகையை ஒட்டியே நிற்கும். நுவரெலியாவிலே தை மாசி மாதங்களிற் சில விடியல்களிற் புல்வெளி வெண்மையாய் உறைவதுண்டு. நம் நாட்டிற் காணத்தக்க உறைதல் அவ்வளவே.

ஆதலின் குளிர்நாட்டிலே பலவாய்ப் பிரிந்து நிற்பனவற்றை நாம் பனி என்னும் ஒரு சொல்லால் அடக்கிவிடுகிறோம். சில்லைக் கழற்றுவானுக்கோ அப்பிரிவு இன்றியமையாதது.

முகிலிலிருந்து பஞ்சுபோல் வீழ்வது வெண்பனி. கடுங்குளிரில் அது மாவைப்போல் உலர்ந்திருக்கும், தட்டினால் உதிரும், கையை நனைக்காது. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த உலோகத்தின் மேற் படிந்து வெண்துகளாவது உறைபனி. நீர் உறைந்தது பனிக்கட்டி. றிம்முக்கும் ரயருக்கும் இடையே புகுந்த நீர் இவ்வாறு கட்டியாயின், ரயரின் விளிம்பைப் பசைபோற் பிடித்துக்கொள்ளும். உருகியும் உருகாமலுந் தெருவிற் கிடப்பது பனிச்சேறு. இதுவே கைக்குப் பெரும்பகை, ஏனெனில் ஈரமானது.

வழுக்கலைத் தடுக்கும்பொருட்டுப் பல நகரங்களிலே தெருவில் உப்பிடுவர். உப்பு நிறையக் கரைந்த நீர் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 21 பாகைவரை உறையாது நிற்க வல்லது. நீராய் இருப்பதனாற் குளிரில்லை என எண்ணுதல் தவறு. கீழ் 10 பாகையில் உள்ள உப்புநீர் கையுறையை ஊடுருவுமாயின், உலர்ந்த பனியினும் பன்மடங்கு விரைவாகக் கையின் வெப்பத்தைக் கவரும். ஆகவே கீழ் 15 பாகையில் உலர்ந்த வெண்பனியிடையே செய்யும் வேலையைவிட, பூச்சியத்தை ஒட்டிய பனிச்சேற்றிடையே செய்யும் வேலை கொடிதாதலும் உண்டு.

பின்லாந்து முதலிய வடநாடுகளிலே உப்புக்குப் பதிலாகவும் அதனோடு சேர்த்தும் உடைத்த சல்லிக்கல்லைத் தூவுவர். நமக்கு நெருஞ்சிமுள் எப்படியோ, அவர்க்கு அச்சல்லியின் கூர்முனை அப்படி. வழுக்காமற் காப்பதற்கு இட்டதே ரயரைத் துளைத்தலும் செய்கின்றது.

வெப்பநாட்டுப் பாலும் குளிர்நாட்டுச் சில்லும்

இறப்பர் வெப்பநாட்டு மரத்தின் பால். பிறேசில் நாட்டிலிருந்து 1876ஆம் ஆண்டு கென்றி விக்கம் என்பார் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டன. அவ்வாண்டே அந்நாற்றுக்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அஃதொரு தொடக்கம்.

குளிர் இறப்பரின் பழம்பகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவிலே இறப்பராற் செய்த காலணிகளும் மேலங்கிகளும் கோடையில் இளகி ஒட்டின. பனிக்காலத்தில் விறைத்து வெடித்தன. சாள்ஸ் குட்இயர் என்பார் 1839ஆம் ஆண்டிலே இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வெப்பமேற்றினால் அவ்விரு குற்றமும் பெரிதும் நீங்கும் எனக் கண்டார். 1844இல் அதற்குரிய காப்புரிமையையும் பெற்றார். இறப்பரின் நெடிய மூலக்கூறுகளைக் கந்தகம் இடையிடையே முடிச்சிட்டாற்போல் இணைக்கின்றது. அவ்விணைப்பு இல்லையேல் குளிர்நாட்டில் இறப்பர்ச் சில்லே இல்லை.

காற்றடைத்த ரயரை ஸ்கொத்லாந்தினரான றொபேட் வில்லியம் தொம்சன் 1845ஆம் ஆண்டிலேயே கண்டார். அஃது அக்காலத்திற் பரவவில்லை. 1888ஆம் ஆண்டிலே பெல்பாஸ்ற் நகரத்தில் வாழ்ந்த யோன் பொயிட் டன்லொப் என்னும் கால்நடை வைத்தியர், தம் மகனின் முச்சக்கரவண்டிக்காக அதனை மீண்டும் ஆக்கினார். எனினும் அக்கால ரயர் றிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. துளை விழின் கழற்றுதற்கு மணிக்கணக்கில் வேலை. ஒட்டிய பசை காய்வதற்கு ஓரிரவு. பிரான்சு நாட்டின் மிசலின் சகோதரர் இக்குறையை நேரிற் கண்டு, 1891இல் எளிதிற் கழற்றத்தக்க ரயரை அமைத்தனர். அவ்வாண்டு பாரிசிலிருந்து பிறெஸ்ற் வரை சென்று மீளும் நெடும்போட்டியிலே சாள் தெறொன் என்பார் அவ்வகை ரயரோடு ஓடி வென்றார். 1890இல் சாள்ஸ் கிங்ஸ்ரன் வெல்ச் என்பார் ஆக்கிய கம்பி விளிம்பும் குழிந்த றிம்மும் இன்று நாம் காணும் ரயருக்கு அடிப்படையாயின. இக்குழியின் பயன் பின்னர்க் கூறப்படும்.

உறைகுளிரில் வண்டி படும்பாட்டுக்குப் பழைய சான்றும் உண்டு. 1900ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் எட் ஜெசன் என்னும் பொன்தேடுவார், கனடாவின் டோசன் நகரிலிருந்து அலாஸ்காவின் நோம் நகருக்கு, உறைந்த யூக்கொன் ஆற்றின்மேல், நாய்வண்டிச் சுவட்டைப் பற்றித் துவிச்சக்கரவண்டியிற் புறப்பட்டார். வழி ஏறத்தாழ ஆயிரம் மைல். கடுங்குளிர் நாள்களில் ரயர்கள் விறைத்தன. உருள்குண்டுகளின் எண்ணெய் உறைந்தது. அவ்வாண்டே அவ்வழியிற் சென்ற மக்ஸ் கேஷ்பேக் என்பாரோ, சங்கிலி அறுந்தபின் தம் மேலங்கியைப் பாயாக விரித்துக் காற்றின் துணையாற் சென்றார். இருவரும் நோம் நகரை அடைந்தனர்.

வலியறிதல்

முதலிலே காற்றின் வலி. மூடிய கலத்திலுள்ள வாயு குளிருமாயின் அதன் அமுக்கங் குறையும் என்பதை நம் பௌதிக மாணவர் அறிவர். 20 பாகை வெப்பமுள்ள வீட்டுக்குள் ஒருவன் தன் ரயரைச் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தலாக அடித்தான் என்க. வெளிவளியின் அமுக்கம் ஏறத்தாழ 15 இறாத்தல், கூட்டினால் 75. தனிவெப்பநிலை 293இலிருந்து 253ஆகக் குறைய, 75 இறாத்தல் ஏறத்தாழ 65 ஆகும். வெளியமுக்கத்தைக் கழித்தால் எஞ்சுவது 50. ஓட்டையில்லாமலே 10 இறாத்தல் குறைந்தது! வீட்டிற் குறையக் காற்றடித்த சில்லு தெருவில் மேலும் மெலிந்து, கல்லில் மோதும்போது றிம்முக்கும் கல்லுக்கும் இடையே ரியூப் நசுங்கி இரட்டைத் துளைபடும். ஆதலின் வண்டி வெளியிலே குளிர்ந்து நின்றபின் அளந்து அடித்தலே முறை. வழுக்கும் பனியிலே பிடிப்புக்காக அமுக்கத்தைச் சிறிது குறைப்பார், வெளிக்குளிரில் உள்ள அளவைக் கொண்டே குறைத்தல் வேண்டும்.

அடுத்தது இறப்பரின் வலி. கந்தகம் சேர்த்த இறப்பரும் குளிரில் இறுகவே செய்யும். இயற்கை இறப்பர் பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகையை ஒட்டிய குளிரில் நெடுநேரங் கிடப்பின், அதன் மூலக்கூறுகள் ஒழுங்காய் அடுக்குண்டு பளிங்காகி விறைக்கும், வெப்பமேற்ற மீளும். இக்காலத்து ரியூப்புகளிற் பெரும்பாலன பியூற்றைல் என்னும் செயற்கை இறப்பரால் ஆனவை. அவை தெருக்குளிரில் உடையாவெனினும் விறைக்கும். மடித்த மடிப்பு நிமிராது. நிமிராத ரியூப் விளிம்பின்கீழ் அகப்பட்டுக் கிழியும். நம் நாட்டுப் பழைய வண்டிகளில் வால்வின் மேல் ஏற்றப்படும் சிறு இறப்பர்க்குழாயும் விறைத்தாற் காற்றைத் தடுத்து நிற்காது. பிளாஸ்ரிக் நெம்புகோலோ குளிரில் நொருங்குந் தன்மையது. ஒன்றுக்கு மூன்றாக வைத்திருத்தல் நன்று.

மூன்றாவது பசையின் வலி. சொலூசன் என்பது ஆவியாகுந் திரவத்திற் கரைத்த இறப்பர். அத்திரவம் பறந்தபின்னரே ஒட்டுப் பிடிக்கும். குளிரில் ஆவியாதல் மிக மெல்ல நிகழும். மேலும், ஆவியாகும் திரவம் தான் நீங்கும் இடத்தைக் குளிர்விக்கும் ஆதலின் காற்றின் ஈரம் அங்கே நுண்ணிய உறைபனியாய்ப் படியும். உறைபனியின்மேல் எவ்வொட்டும் ஒட்டாது. ஆகவே உறைகுளிரிலே ஒட்டுப் போடுதல் தெருவேலையன்று, வீட்டுவேலை. தெருவிலே ரியூப்பை மாற்றுதல் ஒன்றே செயத்தக்கது. ரயரே கிழிந்ததாயின், மடிக்கத்தக்க புதிய ரயரும் வேண்டும். இல்லையேல் தடித்த துணியையோ பழைய ரயர்த் துண்டையோ கிழிசலின் உட்புறத்தே வைத்து வீடு சேரலாம்.

நான்காவது உலோகத்தின் வலி. கீழ் 20 பாகையில் நிற்கும் இறப்பரும் அலுமினியமும் ஒரே வெப்பநிலையின. எனினும் அலுமினியம் இறப்பரைப் பார்க்கிலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வெப்பத்தைக் கடத்தும். தொட்ட மாத்திரத்தே கையின் வெப்பம் அதனுட் பாய்ந்தோடுகிறது. ஈரவிரலாயின் அவ்வீரம் உறைந்து விரல் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டினாற் பறித்தெடுக்கலாகாது, தோல் உரியும். இளஞ்சூட்டு நீரோ மூச்சின் வெப்பமோ கொண்டு மெல்ல விடுவித்தல் வேண்டும். ஸ்பனரின் பிடியிலும் பம்பின் உடலிலும் முன்னரே துணிநாடா சுற்றிவைப்பார் அறிவுடையார்.

ஐந்தாவதும் முதன்மையானதும் கையின் வலி. உடல் குளிருமாயின், இருதயம் முதலிய உள்ளுறுப்புக்களைக் காக்கும்பொருட்டு விரல்களுக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் சுருங்கும். விரற்றோலின் வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழ் இறங்க, நுண்டொழில் தடுமாறும். 8 பாகையை ஒட்ட, தொடுவுணர்வு மங்கும். முதலில் நோவு தோன்றும்; பின்பு நோவு நீங்கும். இங்கேதான் பலர் ஏமாறுவர். நோவு நீங்கியது கை சூடேறியதனாலன்று, உணர்வு போயதனாலாம். தோல் வெளிறி, மெழுகுபோல் விறைத்து, தொட்டால் தெரியாது நிற்பின் தசை உறையத் தொடங்கிற்று என்க.

காற்று வீசுமாயின் இவையெல்லாம் விரைவுறும். போல் சைப்பிள், சாள்ஸ் பசல் என்னும் இருவர் தென்முனைக் கண்டத்திலே, சிறு கலத்திலுள்ள நீர் உறையுங் காலத்தைக் காற்றின் வேகத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1945இல் வெளியிட்டனர். அவ்வழி வந்து, 2001ஆம் ஆண்டிலே கனடாவும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் திருத்திக்கொண்ட கணிப்பின்படி, கீழ் 10 பாகையில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகக் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது காற்றில்லாத கீழ் 18 பாகையை ஒக்கும்.

இடனறிதல்

காற்றுப் போன இடமே வேலை செய்யும் இடம் என்பது நம் நாட்டு வழக்கம். மரநிழல் இருந்தாற் போதும். உறைகுளிரில் இடம் தேடுதலே வேலையின் முதற்பாதி. காற்றை மறைக்கும் சுவர், மூன்றுபுறமும் அடைத்த பேருந்துத் தரிப்பிடம், மாடிக்கட்டடத்தின் படிக்கட்டடி, புகையிரத நிலையத்தின் உள்வாயில் ஆகியவற்றுள் ஒன்றுக்கு வண்டியைத் தள்ளிச் செல்லுதல் வேண்டும். அரை மைல் தள்ளினாலும் இழப்பில்லை. நடக்கும் உடல் சூட்டோடிருக்கும். விளக்குள்ள இடமாயின் இன்னும் நன்று. நெற்றியிற் கட்டும் மின்விளக்கு இரு கைக்கும் விடுதலை தரும். மின்கலம் குளிரில் வலியிழப்பதாதலின் அதனைச் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுசெல்க.

நிலத்திலும் பனியிலும் முழந்தாளிடுதல் ஆகாது. பையையோ அட்டையையோ இட்டு அதன்மேல் அமர்க. கழற்றிய நட்டைப் பனியில் வைத்தால் மறைந்துபோம். தொப்பியிலோ பைக்குள்ளோ இடுக.

மாற்று ரியூப்புக்கும் இடம் உண்டு. வண்டியின் இருக்கையடிப் பையிற் கிடக்கும் ரியூப் வண்டியைப்போலவே குளிர்ந்திருக்கும். காற்றுப் போயிற்று என்றறிந்தவுடன் அதனை எடுத்து மேற்சட்டைக்குள், உடலை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இடந்தேடி நடக்கும் நேரத்திலே அது சூடேறி இளகும். பம்பையும் அவ்வாறே காக்க.

காலமறிதல்

உறைகுளிரிலே காலம் என்பது கையிலுள்ள வெப்பத்தின் அளவு. அதனை எங்கே செலவிடுவது, எங்கே சேமிப்பது என்பதே முறை. இனி அம்முறையைக் காண்போம்.

1. முதலிலே உடுத்துக. வண்டியோட்டியவன் வியர்த்திருப்பான், நின்றவுடன் அவ்வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். குளிர்ந்தபின் அங்கியைத் தேடுவதிற் பயனில்லை. சில்லைத் தொடுமுன் மேலங்கியை அணிந்து, தலையையும் கழுத்தையும் மூடுக.

2. கையுறை இரண்டு அடுக்காயிருத்தல் நன்று. வெளியே தடித்தது, உள்ளே மெல்லியது. நுண்ணிய வேலைக்கு வெளியுறையை மட்டுங் கழற்றுக, வெறுங்கை காட்டற்க. பனிச்சேறாயின், மெல்லியதன் மேல் நீர்புகா இறப்பருறை ஒன்றை மாட்டுக.

3. தடித்த கையுறையோடு செய்யத்தக்கவற்றை முதலிற் செய்க. பனியையும் சேற்றையும் சில்லிலிருந்து தட்டுதல், நட்டைத் தளர்த்துதல், சில்லைக் கழற்றுதல் ஆகியவை அத்தகையன. பின்சில்லிலே பற்சில்லுப் பெட்டியும் மிதித்து நிறுத்தும் தடையும் உடைய வண்டிகள் வடநாடுகளிற் பல. அவற்றிற் பின்சில்லைக் கழற்றல் பெருவேலை. துளை தெரிந்த இடமாயின், சில்லைக் கழற்றாமலே ரயரின் ஒருபக்கத்தைத் திறந்து, ரியூப்பின் அப்பகுதியை மட்டும் வெளியெடுத்து, உலர்த்தித் துடைத்து, பசை வேண்டாத தன்னொட்டுத் துண்டை உடலிற் சூடேற்றி ஒட்டிப் பார்க்கலாம். அது வீடுசேரும் அளவிற்கே போதும்.

4. எஞ்சிய காற்றை முழுதும் போக்குக. பின் ரயரைச் சுற்றிலும் இரு கையாலும் பிசைந்து, விளிம்பை றிம்மின் நடுக்குழிக்குள் தள்ளுக. வெல்ச் அமைத்த குழியின் பயன் இங்கே தோன்றும். விளிம்பிலுள்ள கம்பி நீளாது. ஆயின் ஒருபுறம் ஆழமான நடுவில் இறங்க, மறுபுறம் அவ்வளவு தளரும். குளிரில் விறைத்த ரயரை வலிமையால் இழுப்பவன் நெம்புகோலை முறிப்பான். குழியை அறிந்தவன் எளிதிற் கழற்றுவான். வால்வு நிற்குமிடத்தில் விளிம்பு குழிக்குள் இறங்க இயலாது. ஆதலின் கழற்றலை வால்வை அடுத்தே தொடங்குக.

5. துளைத்த பொருளைத் தேடாது புதிய ரியூப்பை இடுதல் பயனற்றது. சல்லிமுனை ரயருள் இருக்குமாயின் சிறிது நேரத்தில் அதனையும் துளைக்கும். உணர்விழந்த விரலால் ரயரின் உட்புறத்தைத் தடவலாகாது. முள்ளையும் அறியாது, தன் காயத்தையும் அறியாது. துணித்துண்டால் மெல்லத் தடவினால், கூர்முனை நூலைப் பிடித்துக் காட்டும். உள்ளே பனியோ நீரோ இருப்பின் அத்துணியாலேயே துடைக்க.

6. இப்பொழுது சிறிது நிறுத்துக. இரு கையையும் அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றுக. அடுத்து வருவதே விரலுக்கு மிக நுண்ணிய வேலை. அதற்கு வெப்பத்தைச் சேமித்தல் காலவிரயமன்று.

7. ரியூப்பை உடலிலிருந்து எடுத்து, வடிவம் நிற்குமளவு சிறிது காற்றடித்து ரயருள் வைக்க. வாயால் ஊதற்க. மூச்சின் ஈரம் வால்வினுள் உறைந்து அடைக்கும். உதடும் உலோகத்தில் ஒட்டும். ரயரின் விளிம்பைக் கையாலேயே ஏற்றி, வால்வை அடுத்து முடிக்க. நெம்புகோல் ரியூப்பைக் கடித்தல் கூடும். முடிந்தபின் வால்வைச் சிறிது உள்ளே தள்ளி, சுற்றிலும் விளிம்பின்கீழ் ரியூப் அகப்படவில்லை என்பதைக் கண்ணாற் பார்க்க.

8. பின் தடித்த கையுறையை மீண்டும் அணிந்து பம்பால் அடிக்க. பம்படித்தல் உடலுக்குச் சூடு தரும் வேலையாதலின் அதனை இறுதியில் வைத்தது இயற்கையின் உபகாரம். காபனீரொட்சைட்டு அடைத்த சிறு உருக்குக் குப்பியாற் காற்றேற்றுவாரும் உளர். அது விரைவானதே. ஆயின் வாயு விரியும்போது குப்பி கடுங்குளிராகும், வெறுங்கையாற் பற்றலாகாது. அவ்வாயு பியூற்றைல் இறப்பரினூடு சாதாரண காற்றிலும் விரைந்து கசியுமாதலின், வீடு சேர்ந்தபின் அதனைப் போக்கிப் பம்பால் அடித்தல் வேண்டும்.

9. புறப்படுமுன் தடைகளைச் சோதிக்க. றிம்மிற் பனி படிந்திருந்தால் தடைக்கட்டை பிடியாது.

துளைத்த ரியூப்பை எறியற்க. வீட்டிலே, சூட்டிலே, ஒட்டுப் போட்டால் அது மீண்டும் உதவும்.

விடத்தக்க வேளை

வேலை முடியாத வேளையும் உண்டு. அதனை அறிதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. பெருவிரலாற் சிறுவிரலைத் தொட்டுப் பார்க்க. தொட இயலாதாயின், அல்லது தொட்டது தெரியாதாயின், அக்கணமே வேலையை விடுக. வண்டியை அங்கேயே பூட்டிவிட்டுப் பேருந்திலோ நடந்தோ வீடு செல்க. அல்லது அண்மையிலுள்ள கடைக்குட் புகுக. பாதி கழற்றிய சில்லை விட்டுச் செல்லுதல் மானக்குறை என்று எண்ணுவார் உளர். நாளை மீண்டு வந்து பூட்டத்தக்கது சில்லு, விரலோ அவ்வாறன்று.

விரல் உறைந்ததென ஐயமுறின் தேய்க்கலாகாது. பனியைக் கொண்டு உரைத்தல் பழைய தவறான வழக்கம்; உறைந்த தசையை அது மேலும் சிதைக்கும். நெருப்பிலோ சூடான குழாயிலோ நேரே வைத்தலும் தீது. உணர்வில்லாத விரல் வேகுதலை அறியாது. 37 முதல் 39 பாகை வரையுள்ள இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்துதல் நன்று. ஆயின் மீண்டும் குளிரில் உறைய இடமிருப்பின், அதற்குமுன் உருக்கலாகாது. உருகியது மறுபடி உறைதல் முன்னையினும் பெருங்கேடு. வெண்மையும் விறைப்பும் நீங்காவிடின் வைத்தியரை அடைக.

நம் நாட்டிற் சைக்கிள் கடையார் கால் மணித்தியாலத்திற் செய்யும் வேலை, குளிர்நாட்டிலே இத்துணை அறிவை வேண்டுகின்றது. வேலை ஒன்றே, இடமும் காலமும் மாறின. வெளிநாடு செல்லும் நம் மாணவர் பலர், இங்கே தாம் கற்ற கைப்பழக்கத்தை அப்படியே கொண்டுசென்று, அது பலியாதபோது தம்மைக் குறைகூறிக்கொள்வர். அது வேண்டாதது. பழக்கம் பலியாத இடத்திலே, அப்பழக்கம் எக்காரணத்தாற் பலித்ததென்று ஆராய்ந்தால் புதிய வழி தானே தோன்றும். இங்கே பசை காய்ந்தது வெயிலால் என்றறிந்தவன், அங்கே பசையை வீட்டில் விட்டு, மாற்று ரியூப்பை நெஞ்சோடு அணைத்துச் செல்வான்.

மாணவர் சிந்தித்தற்குரிய வினாக்கள்

1. 20 பாகையில் சதுர அங்குலத்துக்கு 45 இறாத்தலாக அடித்த ரயர், கீழ் 10 பாகையில் எவ்வளவு அமுக்கங் காட்டும்? வெளிவளியின் அமுக்கத்தை 15 இறாத்தல் எனக் கொள்க.

2. இறப்பர்ப் பிடியும் உருக்குச் சாவியும் ஒரே வெப்பநிலையில் இருந்தும், ஒன்று மிகக் குளிர்ந்ததாகத் தோன்றுவது ஏன்?

3. ரயரைக் கழற்றும்போது வால்வை அடுத்துத் தொடங்கி, ஏற்றும்போதும் வால்வை அடுத்தே முடித்தற்குக் காரணம் யாது?

4. வெண்பனி, உறைபனி, பனிக்கட்டி, பனிச்சேறு என்பவற்றின் வேறுபாட்டை வண்டியோட்டுவானுக்குப் பயன்படுமாறு ஒவ்வொரு வாக்கியத்தில் எழுதுக.